கிலோ கணக்கில் வாங்கிய மேஜை



"வீட்டை அழகாக வைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் வருகிற சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போகிறதே" என்று நம்மில் எத்தனை பேர் அலுத்துக்கொள்கிறோம்! நானும் அப்படி அலுத்துக்கொண்டவள்தான். என் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறார். வாடகை வீடு. நான், அவர், அத்தை (என் மாமியார்), எங்கள் பாப்பா. முன் ஹால், ஒரு ரூம், அடுப்படி, பின்னால் துவைகல் போட ஒரு இடம். அவ்வளவுதான் அரண்மனை!

பழைய சாமான் வாங்கும் பழக்கம் எனக்கு ஆசையால் வந்ததில்லை. மழையால் வந்தது. 2023-ம் வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் பெய்தது. எங்கள் கரிசல் சீமைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. வானம் பார்த்த பூமி என்று பேர் வாங்கிய ஊர்ப்பக்கம், வானம் எங்களைப் பார்த்துவிட்டது! எங்கள் தெரு பள்ளம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாசற்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. அரிசி மூட்டையையும் பாப்பாவின் புத்தகங்களையும் கட்டில் மேல் ஏற்றினோம். அத்தையைத் தூக்கி அதன் மேலேயே உட்கார வைத்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் கூத்து. தவணையில் வாங்கி, தவணை முடிந்து நாலு மாதம்கூட ஆகாத படிப்பு மேஜையும் துணி பீரோவும் இட்லி மாதிரி உப்பிப் போயிருந்தன. மேலே பளபளவென்று தேக்கு மரம் மாதிரிதான் இருக்கும். உள்ளே மரத்தூளைப் பசை போட்டு அமுக்கின பலகை. ஓரத்தில் தண்ணீர் ஏறினால் ஊதி, உதிர ஆரம்பித்துவிடும். வெயிலில் காய வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. மேஜை 6,500 ரூபாய். கையால் தொட்டால் புட்டு மாதிரி உதிர்ந்தது.

அதே தண்ணீரில்தான் அத்தையின் பழைய வேப்ப மர பெஞ்சும் ரெண்டு நாள் நின்றது. துடைத்து நிழலில் போட்டோம். ஒரு வாரத்தில் "எனக்கென்ன" என்று எழுந்து நின்றுவிட்டது.

பாப்பா அப்போது பத்தாம் வகுப்பு. மூன்று மாதத்தில் அரசுப் பரீட்சை. தரையோ ஓதம் காத்துக் கிடக்கிறது. பெஞ்சில் நோட்டை வைத்து, கீழே பலகை போட்டு உட்கார்ந்து குனிந்து குனிந்து எழுதுவாள். முதுகு வலிக்கிறது என்பாள். அவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. எட்டாவதோடு படிப்பு நின்று, பிறகு வேலைக்குப் போய்க்கொண்டே தனியாகப் பத்தாவது எழுதின மனிதர். "கடன் வாங்கியாவது ஒரு மேஜை வாங்கிருவோம்" என்றார். எனக்கோ இன்னொரு தவணை என்றாலே நெஞ்சு படபடத்தது.

எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை உண்டு. உப்பிப்போன பீரோவின் கைப்பிடி, கீல் எல்லாவற்றையும் கழற்றி அங்கே போடப் போனேன். (ஆறு ரூபாய் கிடைத்தது. சிரிக்காதீர்கள்.) அங்கே மூலையில் கிடந்தது ஒரு பழைய தையல் மிஷினின் இரும்புக் கால். மேலே மிஷினும் இல்லை, பலகையும் இல்லை. கால் மிதிக்கும் சட்டமும் பெரிய சக்கரமும் அப்படியே இருந்தன. கொடி மாதிரி வளைத்து வார்த்த வார்ப்பிரும்பு. துரு ஏறியிருந்தது. ஆனால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.

"அண்ணாச்சி, இது என்ன விலை?"

"எல்லாம் கிலோ கணக்குதாந்தாயி. உடைச்சு உருக்கப் போறது. நீ இதை வச்சு என்ன செய்யப் போற?"

"மேஜை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தராசில் ஏற்றினார். 18 கிலோ. கிலோ 45 ரூபாய் வீதம் 810 ரூபாய். பேரம் பேசலாம் என்று வாயெடுத்தேன், "எடை போட்டாச்சு" என்று முடித்துவிட்டார்.

மேலே போடப் பலகை? இடித்த வீடுகளின் நிலை, கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் விற்கும் பழைய மரக்கடை ஒன்று அதே ரோட்டில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தேக்குக் கதவு கேட்டேன். விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். வேப்ப மரக் கதவு ஒற்றைப் பலகை ஒன்று இருந்தது. ஆறடி நீளம், ரெண்டடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், 450 ரூபாய். எங்கள் பக்கத்தில் வீடு கட்ட வேம்பு ரொம்பக் காலமாகவே உபயோகம். அதன் கசப்புக்குச் செல்லு சுலபத்தில் அண்டாது. ஆசாரி நாலடிக்கு அறுத்து, இழைத்து, இரும்புக் காலோடு போல்ட் போட்டுக் கொடுக்க 300 வாங்கினார். உப்புத்தாள் 60, வார்னிஷ் 180. ஆக 1,800 ரூபாயில் மேஜை. அறுத்தது போக மிஞ்சின ரெண்டடிப் பலகையில் அடியில் ரெண்டு கட்டை அடித்து மணை ஆக்கிவிட்டார் ஆசாரி. அதற்குக் காசு வாங்கவில்லை. ஒரு டம்ளர் காபியோடு சரி.

அத்தைதான் முதலில் முகம் சுளித்தார்கள். "யார் வீட்டு வாசக்கதவோ, என்ன நடந்த வீடோ. அதைக் கொண்டாந்து புள்ளை படிக்கப் போடுதியே" என்று. இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் வரும், பாருங்கள். நான் வாதாடவில்லை. மேஜைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, "அத்தை, நீங்களே கையால முதல்ல புஸ்தகத்தை வையுங்க" என்று கொடுத்துவிட்டேன். வைத்தார்கள். அன்றோடு அந்தப் பேச்சு போயிற்று. கதவில் கொண்டி மாட்டியிருந்த ஓட்டை ஒன்று பலகையில் அப்படியே இருக்கிறது. ஆசாரி அடைக்கிறேன் என்றார், பாப்பா விடவில்லை. பேனாவைச் செருகி வைக்க அதுதான் தோதாம். அதே மேஜையில் பரீட்சைக்குப் படித்தாள். என்ன மார்க் என்று மட்டும் கேட்காதீர்கள். கணக்கில் அவள் என்னை மாதிரி!

இதற்கப்புறம் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது என்பார் வீட்டுக்காரர். பழைய சாமான் கடை எதைக் கண்டாலும் கால் நின்றுவிடும். என் சித்தி ஒருவர் மெட்ராஸில் வாழ்க்கைப்பட்டவர். அந்தக் கால மூர் மார்க்கெட்டைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் பழைய புத்தகம், கடிகாரம், கிராமபோன் பெட்டி என்று கிடைக்காத சாமான் இல்லையாம். 1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்து போனது. வெளிநாட்டிலும் இப்படிச் சந்தைகள் உண்டு. பாரிஸ் நகரத்துக்கு வெளியே குப்பை பொறுக்குகிறவர்கள் கடை போட்டு ஆரம்பித்த சந்தைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? தெள்ளுப்பூச்சிச் சந்தை! பழைய மெத்தை, நாற்காலியோடு தெள்ளுப்பூச்சியும் வீட்டுக்கு வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

கேலியானாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது, தோழியரே. எந்தப் பழைய சாமானையும் நேராக வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஆசைப்பட்டு 120 ரூபாய்க்கு ஒரு சின்ன ஸ்டூல் வாங்கி அப்படியே ரூமில் போட்டேன். மறுநாள் காலையில் அடியில் மாவு சலித்துக் கொட்டினது மாதிரி மரப்பொடி. உளு! பக்கத்தில் இருந்த மரப்பெட்டிக்கும் பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று முதல் மரச்சாமான் எதை வாங்கினாலும் ஒரு வாரம் பின்வாசலில்தான். அடியில் வெள்ளைத் தாளை விரித்து வைப்பேன். பொடி விழுகிறதா என்று தாளே சொல்லிவிடும். விழுந்தால், ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சியால் ஒவ்வொரு ஓட்டையிலும் வேப்பெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்படியும் பொடி நிற்காவிட்டால் அடுப்புக்குத்தான். எங்கள் ஊர் வெயிலை நம்பி மரத்தை நேரே காயப்போட்டுவிடாதீர்கள். பிளந்துகொள்ளும். நிழல் காய்ச்சல்தான் மரத்துக்கு நல்லது. கட்டில், மெத்தை வகை என்றால் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கால் பொருந்தும் இடுக்கைப் பார்க்க வேண்டும். கொதிநீர் ஊற்றாமல் உள்ளே விடவே கூடாது. பஞ்சு மெத்தை, தலையணை பழசு வாங்கவே வாங்காதீர்கள். அதில் சிக்கனம் வேண்டாம்.

பெயின்ட் அடித்த பழைய சாமானில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுப் பெயின்டில் ஈயம் நிறையச் சேர்ப்பார்கள். 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அதற்குக் கடுமையான கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டு என்று தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், கைக்குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்க வேண்டும், மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. பித்தளைச் சாமானுக்குப் புளி போதும், அது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் உள்ளே ஈயம் பூசாத பழைய பித்தளையில் புளிக்குழம்பு, ரசம் வைத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கரிசல் மண் இருக்கிறதே, அது மழை குடித்தால் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். பருத்திக்கும் கம்புக்கும் ராசியான மண், வீட்டுக்கு ராசியில்லை. அஸ்திவாரத்தில் கரிசலை ஆழத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளும் மணலும் போட்டுக் கட்டினால்தான் நிற்கும். எங்கள் வீட்டு ஓனர் அங்கே கையைச் சுருக்கிவிட்டார் போலிருக்கிறது. ஹால் ஜன்னல் மூலையிலிருந்து மேலே கோணலாக ஒரு வெடிப்பு. கோடையில் அகலும், மழைக்கு ஒடுங்கும். ரெண்டு தடவை சிமென்ட் பூசினார். ரெண்டு தடவையும் விட்டுப்போனது. சரி, இது நம்மோடு இருக்கப் போகிற விருந்தாளி என்று முடிவு செய்து, அம்மா கொடுத்த பழைய சுங்குடிச் சேலையின் நல்ல பாகத்தை வெட்டி, மேலும் கீழும் ரீப்பர் கட்டை கோத்து, திரை மாதிரி தொங்கவிட்டேன். வெங்காய நிறத்தில் வெள்ளைப் புள்ளி. வந்தவர்கள் எல்லாம் "எங்கே வாங்கினே?" என்கிறார்கள். ஆணியை மட்டும் வெடிப்புக்கு ஒரு முழம் தள்ளி அடியுங்கள், இல்லாவிட்டால் வெடிப்பு ஆணியைத் தேடி வரும்.

அந்தச் சேலையின் நைந்த பாகமும் வீணாகவில்லை. நீளவாக்கில் ரெண்டு விரல்கடை அகலத்துக்குக் கிழித்து, ஒன்றோடொன்று தைத்து நீட்டி, தலைமுடி மாதிரி மூன்று பின்னலாகப் பின்னி, பாம்பு சுருண்ட மாதிரிச் சுற்றிக்கொண்டே கோணி ஊசியால் தைத்தால் வட்டமான மிதியடி. இறுக்கிப் பின்னினால் கிண்ணம் மாதிரி குவிந்துவிடும். தளரத்தான் பின்ன வேண்டும். கடைக்காரர்கள் தூக்கிப்போடும் 15 கிலோ எண்ணெய் டின்னில் அடியில் நாலு ஓட்டை போட்டு, வெளியே பெயின்ட் அடித்து, துளசியும் கற்றாழையும் வைத்திருக்கிறேன். முறை வைத்துக் குழாய்த் தண்ணீர் வரும் ஊரில் ரோஜாவுக்கு ஆசைப்பட முடியுமா? அரிசி கழுவின தண்ணீரில் வளருகிறவைதான் எங்கள் வீட்டுத் தோட்டம்.

பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் பிள்ளையார்பட்டிக்கு வேண்டுதல் இருந்தது. மதுரை போய் அங்கிருந்து பஸ். சாமி கும்பிட்டுவிட்டு, அவ்வளவு தூரம் போன நாங்கள் பக்கத்தில் இருக்கும் காரைக்குடிக்கும் போனோம். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அம்மாடி! செட்டிநாட்டு வீடுகளில் இருந்த சாமான் எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. பர்மா தேக்குத் தூண், சித்திர வேலை செய்த நிலை, ரவிவர்மா படங்கள், கண்ணாடி ஜாடி, பல்லாங்குழி, படி, மரக்கால், முறுக்குப் பிழியும் உழக்கு, மங்குச் சாமான் என்று மலை மாதிரி. மங்கு என்றால் இரும்புத் தகட்டின் மேல் பீங்கான் மாதிரிப் பூச்சு போட்ட பாத்திரம். செட்டிமார் அந்தக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வரவழைத்துப் பெண்களுக்குச் சீராக அடுக்கினது.

பார்க்க ஆசையாக இருந்தாலும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள், ஆளுக்கொரு ஊர். பராமரிக்க முடியாமல் வீட்டையே பிரித்துத் தூணை விற்றுவிடுகிறார்கள். அந்த நிலைப்படியில் எத்தனை பெண்கள் வலது கால் வைத்து நுழைந்திருப்பார்கள்! அப்படிப் பிரித்த வீடு ஒன்றைத்தான் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், மறுபடி அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை உண்டா?

விலை நமக்கு எட்டாது. பெரிய ஹோட்டல்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து வாங்கும் இடம். ஓரம் பூச்சு உதிர்ந்த ஒரு மங்கு மூடி மட்டும் 250 ரூபாய்க்கு வாங்கினேன். நீல நிறம், சுற்றிலும் பூ. பூச்சு உதிர்ந்த மங்கில் சாப்பாடு வைக்கக்கூடாது என்று கடைக்காரரே சொன்னார். சுவரில் மாட்டத்தானே என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரே யோசனை. அவர்கள் ஊர்ச் சாமானை அவர்கள் பொக்கிஷமாக மாட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கரிசல் சீமைக்கு என்ன இருக்கிறது? தேக்குத் தூணா இருக்கிறது? கம்பு போட்டு வைத்த மண் குலுக்கை, பனைநார்ப் பெட்டி, சொளகு, திருகை. இந்தப் பேர்களைச் சொன்னால் பாப்பாவுக்குப் பாதி புரியாது. இடைசெவலில் பிறந்த கி.ரா. அவர்கள் கரிசல் வழக்குச் சொற்களுக்கென்றே ஒரு அகராதி போட்டாரே, அப்படித் தேடிப் பிடித்தால்தான் உண்டு. ஊருக்கு வந்த மறு வாரமே அந்தப் பழைய மரக்கடைக்கு மறுபடி போனேன்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். மூடிப்போன ஏதோ ஒரு தீப்பெட்டி ஆபீசிலிருந்து விறகுக்காக வந்த குவியலில், தீக்குச்சி அடுக்கும் கட்டைச் சட்டம் ஒன்று முழுசாக இருந்தது. உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கையால் தீப்பெட்டி செய்த காலத்தில், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஒல்லிக் கட்டைகளில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாக அடுக்குவார்கள். ஒரு கட்டை முடிந்ததும் அதன் மேல் அடுத்த கட்டை. சட்டம் நிறைந்ததும் முடுக்கி, குச்சி நுனியை மொத்தமாக மெழுகில் முக்கி, பிறகு மருந்தில் முக்குவார்கள். "கட்டை அடுக்கப் போறேன்" என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். மிஷின் வந்தது, லைட்டரும் வந்தது. கட்டை அடுக்கும் வேலை குறைந்துகொண்டே போனது. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து ரெண்டு ரூபாயானது ஞாபகம் இருக்கிறதா? பதினாலு வருடத்துக்கு அப்புறம் ஏறின விலை அது.

50 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். மருந்து ஒட்டியிருந்தால் வறட்டுத் தேய்ப்பு ஆபத்து என்று பின்வாசலில் ரெண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டுக் கழுவிக் காய வைத்தேன். பாப்பா அந்தப் பள்ளங்களில் கம்பங்கதிரும் சோளக்கதிரும் செருகினாள். அடுப்படிப் பக்கம் வேண்டாம் என்று ஹாலில், மேஜைக்கு மேலே மாட்டினோம். அவ்வளவு லட்சணமாக இருந்தது! காரைக்குடியில் இருந்தால் ஆயிரம் ரூபாய் சொல்லுவான் என்று பீற்றிக்கொண்டேன்.

சாயந்திரம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றினவர் அப்படியே நின்றார்.

"இதை எதுக்கு இங்க மாட்டியிருக்க?"

"நல்லாருக்குல்லங்க?"

"கழத்து."

அவ்வளவுதான். சாப்பிடக்கூட வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிக் குரல் மாறிப் பேசினதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய சாமான் வாங்கித் தவணை இல்லாமல் குடும்பம் நடத்துகிறேனே, அதற்கா இந்தப் பேச்சு என்று கோபம். கழற்றிப் பின்வாசலில் சாத்தி வைத்தேன்.

ராத்திரி விளக்கணைத்த பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "தாயி, அவன் மேல கோவிச்சுக்கிடாத" என்று ஆரம்பித்துச் சொன்னார்கள். அத்தை முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரும் அடுக்கினார் என்று தெரியாது. மாமா இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அது 1991-ம் வருடம். ஆபீசிலிருந்து கட்டையும் குச்சியும் வீட்டுக்கே வரும். விடிகாலை நாலு மணிக்கு அம்மாவும் பிள்ளையும் சிம்னி விளக்கில் அடுக்க உட்காருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும். அங்கே போய்த் தூங்கி விழுவார். எட்டாவதில் நின்றே விட்டார். "எத்தனை கட்டை அடுக்கினா ஒரு படி அரிசின்னு அவன் வாயாலயே கணக்குப் போட்டுச் சொல்வான்" என்றார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்திருந்தது. தீப்பெட்டி வேலை அதில் தடுத்த வேலைதான். ஆனால் குடும்பத்தோடு வீட்டில் வைத்துச் செய்தால் அந்தச் சட்டம் பாயாது என்று அதிலேயே ஒரு விலக்கு இருந்தது. எங்கள் பக்கத்து எத்தனையோ வீடுகள் அந்த விலக்குக்குள்ளேயே இருந்தன.

பாப்பா பத்தாவது படிக்கிற மேஜைக்கு மேலே, அவர் பத்தாவதைப் பறித்த கட்டையைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறேன் நான்!

மறுநாள் அதை விறகுக்கு உடைத்துவிடலாம் என்று எடுத்தேன். அத்தை விடவில்லை. "உனக்கு அது அழகுச் சாமான், அவனுக்கு அது வலி. எனக்கு அது என் கை தாயி. நான் அதை வச்சுத்தான் மூணு உசிரக் காப்பாத்துனேன்" என்று தன் கட்டில் ஓரச் சுவரைக் காட்டினார்கள். அவரிடம் கேட்காமல் மாட்ட எனக்குப் பயம். ரெண்டு நாள் கழித்துக் கேட்டேன். "அம்மா கேட்டா மாட்டிக்கோ. ஹால்ல வேண்டாம்" என்றார்.

இப்போது அது அத்தையின் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. கதிரெல்லாம் எடுத்துவிட்டோம். அத்தை மூக்குக் கண்ணாடியை அதில் மாட்டி வைக்கிறார்கள், மாத்திரை அட்டையைச் செருகி வைக்கிறார்கள். பாப்பா ஒரு நாள் ஒரு டப்பாத் தீக்குச்சியைக் கொட்டி, "எப்படி ஆச்சி அடுக்குவீங்க?" என்று கேட்டாள். அத்தையின் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. மெதுவாக ஒரு வரிசை அடுக்கிக் காட்டினார்கள். அவர் வெளியே திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. "ஒவ்வொண்ணா எடுக்கக்கூடாது, பிடியா எடுத்து உதறணும்" என்று அங்கிருந்தே ஒரு குரல் மட்டும் வந்தது. மழைக்காலத்தில் சுவர் ஊறி அந்த ஆணி ஆடினபோது, ஆபீசிலிருந்து நீளமான ஆணி கொண்டுவந்து மாற்றி அடித்ததும் அவர்தான்.

ஹாலில் மேஜைக்கு மேலே இப்போது அந்த மங்கு மூடி தொங்குகிறது. அதில்தான் எனக்கு ஒரு சந்தேகம். பூச்சு உதிர்ந்த இடத்தில் துரு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பரவுகிறது. தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன், தூசி ஒட்டுகிறதே தவிர துரு நிற்கவில்லை. வார்னிஷ் அடித்தால் நீலநிறம் மங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்ட தோழியர் யாராவது இந்தப் பகுதியில் எழுதினால் உபகாரமாக இருக்கும். காரைக்குடிப் பக்கத்துச் சகோதரிகள் அவசியம் எழுதுங்கள்.

- ஒரு வாசகி,
கோவில்பட்டி.